துரையின் மகள்கள்

ஜூன் 4

மலைப்பக்கம் மழை பிடித்துவிட்டது. எங்கள் காளை வளர்ப்பு நிலையத்தில் தூறல் மட்டும். தீவன லாரி வாசல் சேற்றில் சிக்கிக்கொண்டு, மாதேசனும் மற்றவர்களும் தள்ளி வெளியே எடுத்தார்கள்.

புது இளங்காளைகள் சீக்கிரம் வருகின்றனவாம். கொட்டிலில் இடம் கிடையாது. பழைய காளைகளில் எவற்றைக் கழிப்பது என்று நான் சொல்ல வேண்டும். பல வருடமாகச் செய்கிற வேலைதான். காளை பால் கறப்பதில்லை. அதன் சினை ஊசியில் பிறந்த கிடாரிகள் வளர்ந்து, சினையாகி, ஈன்று, கறக்க ஆரம்பித்த பிறகுதான் அது நல்ல காளையா இல்லையா என்று தெரியும். அதற்குள் காளைக்கு வயதாகிவிடும். மகள்கள் கறக்கும் பாலை வைத்து ஒரு கோடு கிழிக்கிறோம். கோட்டுக்கு மேலே இருப்பது நிற்கும். கீழே இருப்பது போகும்.

துரை கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஜெர்சிக் கலப்பு, செம்பழுப்பு, நெற்றியில் கொஞ்சம் கறுப்பு. துரை என்பது மாதேசன் வைத்த பெயர். எங்களுக்கு அது ஓர் எண். கன்றாக வந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். சாது மாடு. மற்றக் காளைகளுக்கு இரண்டு பேர் கயிறு பிடிக்க வேண்டும்.

துணை இயக்குநர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருப்பதாகக் கேள்வி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 11

ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து இந்த வழக்கம் மாறவில்லை. என் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டாள், அவளுடைய மீன் குழம்பை என் பக்கம் தள்ளினாள், பிறகு ஆரம்பித்தாள்.

“ஏட்டி, துரையக் கழிக்கப் போறியா?”

“பட்டியல் இன்னும் போகலை.”

“அவன் பிள்ளைகள்ல ஒண்ணுக்குக்கூட மடிநோய் வரல, கேட்டியா. நான் ஊர் ஊராப் போய்ப் பாலை எடுத்துப் பாத்திருக்கேன். பக்கத்து மாட்டுக்கு மடி கல்லாக் கெடக்கு. இவன் மகள் அதே சகதியில நிக்கி, ஒண்ணும் ஆகல.”

“எல்லாம் முதல் ஈத்து. முதல் ஈத்துல எந்த மாட்டுக்குமே அதிகமா வராது. நீ சொல்லித்தந்ததுதானே.”

“அதான் நானும் சொல்லுதேன். ரெண்டாம் ஈத்து வரட்டும். அது வரைக்கும் வச்சிருப்போம்.”

“அது வெறும் தற்செயலா இருந்தா?”

“இருக்கலாம். தெரியாது. அதுக்குத்தான் காத்திருப்போம்ங்கேன்.”

அவளிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். அப்படி உடனே ஒப்புக்கொள்வதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம்.

பால் அளப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. மடியைச் சோதிக்கும்படி யாரும் சொல்லவில்லை. நான்கு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போகிறாள். நான்கு காம்பிலிருந்தும் தனித்தனியாகப் பீய்ச்சி, மருந்தை ஊற்றிக் கலக்குவாள். நல்ல பால் தண்ணீர்போல ஓடும். நோய் உள்ள பால் சளிபோலத் திரளும். வெளியே வீக்கம் தெரிவதற்கு முன்பே தட்டில் தெரிந்துவிடும். காம்பு செத்துப்போனால் மாடு கறிக்கடைக்குத்தான் என்பது அவளுக்கு எப்போதும் மனதில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் அதை மறப்பதில்லை.

ஜூன் 12

காளைகளுக்குக் குளம்பு சீவினோம். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 20

கூட்டம். இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார். முந்திரிப் பருப்பும் தேநீரும் வந்தன.

துரையின் எண் வந்தபோது ஜெசிந்தா எழுந்து பேசினாள். நன்றாகவே பேசினாள். பால் மட்டும் பார்த்துப் பார்த்து நாம் மடியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம், அதிகம் கறக்கிற மாடு, சீக்கிரம் நோயாகிற மாடு என்று இரண்டையும் சேர்த்தே வளர்க்கிறோம், நோய் தாங்கும் குணமும் பரம்பரையில் கொஞ்சம் வரும், அதைப் பிடிக்க ஒரு காளை கிடைத்திருக்கலாம் என்றாள். ‘கிடைத்திருக்கலாம்’ என்றுதான் சொன்னாள். இயக்குநர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“நிச்சயமா தெரியுமா டாக்டர்?”

“தெரியாது சார்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “சுகந்தி, நீங்க என்ன சொல்றீங்க?”

விதி எல்லாக் காளைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றேன். ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வரும் என்றேன். சரியான பேச்சுதான். இப்போது எழுதிப் பார்க்கும்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. முந்திரியையும் தொடவில்லை.

ஜூன் 28

கழித்த காளைகளை ஏற்றிக்கொள்ளக் கறி வியாபாரியின் லாரி வந்தது. மற்றவை ஏறிவிட்டன. துரை மட்டும் பலகையில் கால் வைக்கவில்லை. வியாபாரியின் ஆள் வாலை முறுக்கினான். மாதேசன் அவனைத் தள்ளிவிட்டு, தானே முன்னால் ஏறி நின்று கூப்பிட்டார். துரை அவர் பின்னாலேயே ஏறியது.

இறங்கி வந்து என்னிடம் கேட்டார். “எங்கேம்மா போறான்?”

“வேற பண்ணைக்கு.”

“எந்தப் பண்ணைம்மா? லீவு போட்டுட்டு ஒருக்கா பாத்துட்டு வருவேன்.”

“ரொம்ப தூரம், மாதேசன்.”

லாரியை ஒரு தடவை பார்த்தார். அதற்குள் வைக்கோல்கூடப் போட்டிருக்கவில்லை. கழற்றின மூக்கணாங்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஜூலை 3

கழித்த காளைகளின் உறைவிந்துக் குச்சிகளையும் இன்று எடுத்துக் கொட்டினோம். நைட்ரஜன் கலனில் குளிரில் இருக்கும்வரை அதற்கு வயது கிடையாது. காளை செத்தாலும் கன்று பிறக்கும். புதுக் காளைகளின் குச்சிகளுக்குக் கலன் வேண்டும்.

பண்டகசாலைப் பிரேமா கையுறை போட்டுக்கொண்டு தூக்கினாள். வெள்ளைப் புகை தரையில் பரவியது. மெல்லிய வண்ணக் குச்சிகள், பேனா ரீஃபிள்போல. சிமெண்ட் தரையில் விழுந்ததும் பனி பூத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி ஈரமாயின.

துரையினுடையது வந்தபோது பிரேமா நிறுத்தினாள். “கொஞ்சம் எடுத்து வைக்கட்டுங்களா மேடம்? மூலையில இருக்கற சின்னக் கேன்ல எடம் கெடக்குதுங்க.”

ஜெசிந்தா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள்தான் பிரேமாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள் என்று தோன்றியது.

“வேண்டாம். எல்லாத்தையும் எடுங்க” என்றேன்.

“எல்லாத்தையுமாட்டி?” என்றாள் ஜெசிந்தா.

“எல்லாத்தையும்.”

பிரேமா கொட்டினாள். நான் நின்று பார்த்தேன். திரும்பியபோது வாசலில் யாருமில்லை.

ஜூலை 4

இரண்டு நாளாகத் தலைவலி.

ஆகஸ்ட் 1

ஜெசிந்தா வேலையை விட்டுவிட்டாள். சாத்தான்குளத்தில் அவள் வீட்டுப் பக்கமே சின்னதாக ஒரு கால்நடை மருத்துவமனை திறக்கப் போகிறாளாம். சாவிகளைக் கொடுக்க வந்தாள். இருக்கச் சொன்னேன், உட்காரவில்லை.

“கோவத்துல போறேன்னு நெனைக்காத. இங்க எனக்குச் செய்ய ஒண்ணுமில்ல, அதான்.”

“துரைக்காகவா?”

“துரைக்காக இல்ல.”

 பஸ் நிறுத்தம்வரை கூடப் போகலாம் என்று செருப்பை மாட்டினேன். இயக்குநரிடமிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடிக்கும்போது பஸ் போயிருந்தது.

செப்டம்பர் 9

புதுக் காளைகள் வந்துவிட்டன. பெரிய, கறுப்பு வெள்ளைக் காளைகள். கொட்டிலே நிறைந்துவிட்டது. ஒன்றை மாதேசனிடம் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பெயர் வைக்கவில்லையா என்று கேட்டேன். எண்ணைச் சொன்னார்.

நவம்பர் 17

ஜெசிந்தாவின் இடத்துக்கு யாரையும் போடவில்லை. பால் அளக்கும் வேலையையும் நானே பார்க்கிறேன். இன்று செம்பூத்தாம்பாளையம் போனேன். ஆற்றோரம். கரும்பும் மஞ்சளுமாக இருக்கிறது.

தெய்வாத்தாள் என்று ஓர் அம்மா. கணவர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இரண்டு மாடு வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். செவலை, துரையின் மகள். புள்ளி, இன்னொரு காளையின் மகள், அந்தக் காளை இப்போதும் நம் முதல் வரிசையில் இருக்கிறது. புள்ளி குடம் குடமாகக் கறக்கிறது. செவலை அளவாகக் கறக்கிறது.

“அந்த டாக்டரம்மா வரலீங்களா? தூத்துக்குடிப் பேச்சுப் பேசுவாங்களே.”

“ஊருக்குப் போயிட்டாங்க.”

“வந்தா ஒரு வாய் மோரு குடிக்காமப் போக மாட்டாங்க. மடியத் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க. நீங்க பாக்கலீங்களா?”

என்னிடம் தட்டு இல்லை. அடுத்த தடவை பார்க்கிறேன் என்றேன்.

ஜனவரி 22

துணை இயக்குநர் உத்தரவு வந்துவிட்டது. நிலையத்தில் எல்லோருக்கும் ஜிலேபி. என் வீட்டுக்காரர் ஈரோட்டிலிருந்து பட்டுப்புடவை வாங்கி வந்தார். நிறைய அழைப்புகள். பேச வேண்டியவர்கள் எல்லோரும் பேசிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 6

ஜெசிந்தாவின் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது நான்கு குழித் தட்டு கிடைத்தது. என் பையில் போட்டுக்கொண்டேன். வெறுமனே.

அக்டோபர் 30

இவ்வளவு மழையை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். அணை நிரம்பித் திறந்துவிட்டார்கள். ஆற்றோர ஊர்களில் கட்டுத்தரைக்குள் தண்ணீர். மாடுகள் படுக்க இடமில்லாமல் சகதியில் மடியை வைத்துப் படுக்கின்றன.

நவம்பர் 8

எங்கு பார்த்தாலும் மடிநோய். இன்று போன ஊர்களில் வீட்டுக்கு வீடு. காய்ந்த கல்போல மடி. தொட்டால் மாடு உதைக்கிறது. பாலில் திரிபோலக் கட்டிகள், ரத்தம். ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுகிறார்கள். நானும் பூசினேன். கை மஞ்சள் போகவில்லை.

நவம்பர் 13

தெய்வாத்தாள் வீடு. புள்ளி நின்றுகொண்டே இருந்தது. இரண்டு நாளாகப் படுக்கவில்லையாம். பின் காம்பு ஒன்று கறுத்துக் குளிர்ந்துவிட்டது. அது இனி வராது. அந்த அம்மா மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க மற்றக் காம்புகளைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கீழே விட்டுக்கொண்டிருக்கிறார். விரல்கள் வீங்கியிருந்தன.

நேற்று வந்த மருந்தில் ஊசி போட்டேன். பிறகு செவலைப் பக்கம் போனேன். அதே சகதி, அதே கூரை, அதே கை. மடி பஞ்சுபோல இருந்தது. பையிலிருந்து தட்டை எடுத்தேன். நான்கு குழியிலும் பீய்ச்சி மருந்து விட்டுக் கலக்கினேன்.

நான்கும் தண்ணீராக ஓடின.

மறுபடியும் செய்தேன்.

“அதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க” என்றார் தெய்வாத்தாள். “போன மழைக்கும் ஒண்ணும் ஆவல. பாலு கொஞ்சம் கம்மிதான். ஆனா அது பாட்டுக்குக் கெடக்கும், ஒரு தொந்தரவு குடுக்காது. ஏனுங்க டாக்டரம்மா, இதோட அப்பன் ஊசி இருக்குமில்லீங்க? புள்ளி தேறுச்சுன்னா அடுத்த வாட்டி அதையே போட்டுடுங்க. எனக்கு வயசாவுது. இந்த மாதிரி பீச்சிக்கிட்டுக் கெடக்க முடியாதுங்க.”

“பார்க்கிறேம்மா” என்றேன்.

நவம்பர் 21

துரையின் மகள்கள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன். எல்லாம் இரண்டாம் ஈத்து. ஒன்றே ஒன்றுக்கு ஒரு காம்பில் லேசாகத் திரண்டது. அதுவும் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிட்டது. பக்கத்தில் கட்டிய மாடுகளைப் பற்றி எழுத வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தற்செயல் என்று சொல்ல இனி இடமில்லை.

நவம்பர் 22

பிரேமாவிடம் அந்தச் சின்னக் கேனில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதான மேடம் எல்லாத்தையும்னு சொன்னீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மறந்துவிட்டேனோ என்று நினைவுபடுத்துகிறமாதிரி சொன்னாள்.

டிசம்பர் 5

ஊர் ஊராகச் சினை ஊசி போடுகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, அல்லது நைட்ரஜன் வற்றிப்போன கேனில் கிடந்து செத்துவிட்டது. செத்த குச்சியை உருக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் எதுவும் அசையாது. தூசிபோல நிற்கும்.

டிசம்பர் 19

கிடைத்தது. ஓய்வுபெற்ற குழந்தைவேலு என்பவர் தன் வீட்டு மாட்டுக்கென்று வைத்திருந்தார். துரையின் குச்சி இரண்டு. கேன் பாதி வற்றியிருந்தது. இடையில் எத்தனை தடவை வற்றியதோ, அவருக்கே தெரியவில்லை.

நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை வெதுவெதுப்பான நீரில் உருக்கி, ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உயிர் இருக்கிறது. எல்லாம் இல்லை, பாதிக்கு மேல் ஓடுகிறது. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. மாதேசனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன்.

உருக்கியதைத் திரும்ப உறைய வைக்க முடியாது. ஒன்று மீதி.

டிசம்பர் 27

புள்ளி மூன்று காம்போடு தேறிவிட்டது. இன்று பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று தெய்வாத்தாள் போன் செய்தார். செவலைக்கு அதன் அப்பனுடையதைப் போட முடியாது, அதுவுமில்லாமல் அது ஏற்கெனவே சினை. நானே போய்ப் புள்ளிக்குப் போட்டேன். வேறு யாரையும் விடவில்லை. 

அந்த அம்மா சாமிக்கு முடிந்துவைப்பதாக ஒரு துணியில் மஞ்சளைக் கட்டினார். “அதே அப்பன்தானுங்களே?”

“அதேதாம்மா.”

ஜனவரி 10

சாத்தான்குளம் போய்வந்தேன். இவரிடம் திருச்செந்தூர் என்று சொன்னேன். திருச்செந்தூரும் போனேன்.

ஜெசிந்தாவின் மருத்துவமனை பழைய அரிசிக்கடையில் இருக்கிறது. வாசலில் ஆடுகளும் ஒரு நாயும். கறுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“வா சுகந்தி. உக்காரு. சாப்பிட்டாச்சா?”

பையனை அனுப்பிக் கடையிலிருந்து காப்பி வாங்கிவரச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டாள். பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொன்னாள். எல்லாம் நன்றாகவே பேசினாள். மதியத்துக்கு அவளுடைய டப்பா மூலையில் இருந்தது. எனக்குப் பிரியாணி வரவழைத்தாள்.

நான் சொன்னேன். மழை, மடிநோய், துரையின் மகள்கள், தட்டில் ஓடிய பால். கடைசியில், “நீ சொன்னதுதான் சரி. உனக்குத் தெரிஞ்சிருக்கு” என்றேன்.

“எனக்குத் தெரியாது சுகந்தி. இன்னிக்கும் அப்படித்தான் சொல்லுதேன். துரை ஒண்ணுமில்லாதவனாக்கூட இருந்திருக்கலாம். தெரியறது வரைக்கும் இருக்கட்டும்னுதான கேட்டேன்.”

பிறகு குச்சிகளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கிடைத்தது, ஒன்றை உருக்கிப் பார்த்தேன், உயிர் இருந்தது, மற்றதைப் போட்டிருக்கிறேன் என்று.

அவள் ஆட்டின் காதுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“உருக்கிப் பாத்தியா?”

“உயிர் இருக்கான்னு பார்க்கணுமே.”

“ஆமா” என்றாள் மறுபடியும் மருந்தைத் தடவிக்கொண்டே. “பாக்கணும்தான்.”

அவள் சொல்லாமல் விட்டது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செத்திருந்தால் இரண்டும் செத்திருக்கும், போட்டாலும் நஷ்டமில்லை. உயிரோடு இருந்திருந்தால் இரண்டு வாய்ப்பு. நான் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதற்காக ஒன்றைக் கொன்று பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்துவிடு, உன் இடம் காலியாகவே இருக்கிறது என்று புறப்படும்போது கேட்டேன். வாசலில் நிற்கிற ஆடுகளைக் காட்டினாள். “இவங்கள விட்டுட்டு எங்க வர?” என்று சிரித்தாள். பஸ் நிறுத்தம்வரை வந்தாள். பஸ் புறப்படும்வரை நின்றாள்.

ஜனவரி 17

செம்பூத்தாம்பாளையத்திலிருந்து போன். புள்ளி மறுபடியும் கத்துகிறதாம். சினை நிற்கவில்லை.

ஜனவரி 18

தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நேரிலேயே போனேன். தெய்வாத்தாள் கட்டுத்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“பரவால்லீங்க, ஒரு வாட்டி தப்பறது சகஜம்தானுங்க. இப்ப அதையே போட்டுடுங்க.”

“இனி இல்லைம்மா. அதுதான் கடைசி.”

“தீந்துபோச்சுங்களா? அப்ப காளைகிட்ட மறுபடியும் எடுங்க.”

“காளையும் இல்லை. வித்தாச்சு.”

“எப்பங்க?”

“போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.”

“நோவுங்களா?”

“இல்லை. அதோட மகள்கள் பால் குறைவுன்னு.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். செவலையைப் பார்த்தார், புள்ளியின் செத்துப்போன காம்பைப் பார்த்தார்.

“அதோட புள்ளைங்கள வச்சுக் கறக்கறது நாங்கதானுங்களே. எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லீங்க?”

“கேட்டிருக்கலாம்.”

“பாலு கொஞ்சம் கம்மின்னாலும் இருக்கட்டும்னு சொல்லியிருப்பனே” என்றார். பிறகு, நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, “மோரு குடிக்கறீங்களா?” என்று கேட்டார். குடித்தேன்.

புறப்படும்போது செவலை காளங்கன்று ஈன்றால் அதை நிலையத்துக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். துரையின் பேரன். கால் பங்கு ரத்தமாவது இருக்கும். மற்ற மகள்கள் ஈன்ற காளங்கன்றுகளை எல்லாம் பிறந்த வாரமே விற்றுவிட்டார்கள். கேட்டுப் பார்த்துவிட்டேன்.

“எடுத்துக்கங்க. ஆனா வித்துப்புடாதீங்க” என்றார்.

பிப்ரவரி 14

கூட்டம். மடிநோய் தாங்கும் குணத்துக்கும் இனி மதிப்பெண் சேர்க்க வேண்டும் என்று பேசினேன். துரையின் மகள்களைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். இயக்குநர், “ரொம்ப நல்ல யோசனை சுகந்தி. இப்பவாவது ஒருத்தர் சொன்னீங்களே” என்றார்.

இதை முதலில் சொன்னது டாக்டர் ஜெசிந்தா என்றேன். ஆமாம், ஆமாம் என்றார். ஆனால் குறிப்பில் என் பெயர்தான் ஏறியது.

இந்த வருடம் போடும் ஊசிகளிலிருந்து மடியையும் சேர்த்துப் பார்ப்போம். இவற்றின் மகள்கள் பிறந்து, வளர்ந்து, இரண்டாம் ஈத்து ஈனும்போது நான் ஓய்வுபெற்றிருப்பேன்.

பிப்ரவரி 20

மாதேசன் விடுப்புக் கேட்டு வந்தார், பேத்திக்குக் காது குத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு, துரையின் மகள்களைப் பற்றிச் சொன்னேன். இந்த மழையிலும் மடி கெடவில்லை, எல்லோரும் அந்தக் காளையைக் கேட்கிறார்கள் என்று.

“அப்படியாம்மா” என்றார்.

“அன்னிக்கு வேற பண்ணைக்குன்னு சொன்னேன்.”

“தெரியும்மா.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கதவுவரை போய்த் திரும்பினார். “நான்தானேம்மா ஏத்திவிட்டேன். நான் கூப்பிடலேன்னா ஏறியிருக்க மாட்டான்.”

நீங்கள் என்ன செய்வீர்கள், நான் சொன்னதைத்தானே செய்தீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். விடுப்புப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதினேன்.

மார்ச் 12

செவலை ஈன்றுவிட்டது. கிடாரி.

தெய்வாத்தாள் போனில் சத்தமாகச் சிரிக்கிறார். “பொம்பளப் புள்ளைங்க டாக்டரம்மா! அப்படியே ஆத்தாளாட்டமே இருக்குது. சீம்பாலு எடுத்து வைக்கறனுங்க, கட்டாயம் வாங்க.” அவருக்குப் பிற்காலத்துக்கு ஒரு மாடு ஆயிற்று. ரொம்ப சந்தோஷம் என்றேன். காளையாக இருக்க வேண்டும் என்று இத்தனை நாளாகச் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அதை எப்படிச் சொல்வது?

போய்ப் பார்த்தேன். இன்னும் ஈரம் காயவில்லை. தடுமாறி எழுந்து, மடியைத் தேடி முட்டிக் குடித்தது. செவலை நக்கிக் கொடுத்துக்கொண்டே நின்றது. மனம் கேட்காமல் தட்டை எடுத்தேன், பிறகு பையிலேயே வைத்துவிட்டேன். இன்றைக்குக் கன்று குடிக்கட்டும்.

கன்றைப் படமெடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். துரையின் பேத்தி, செம்பூத்தாம்பாளையம் தெய்வாத்தாள் வீடு, நீ மோர் குடிப்பாயே அந்த வீடு, அந்த அம்மா உன்னை விசாரித்தார், கூட்டத்தில் மடிக்கும் மதிப்பெண் என்று முடிவாகிவிட்டது, உன் பெயரைச் சொன்னேன் என்று நீளமாக எழுதினேன்.

சாயங்காலம் பதில் வந்தது.

“நல்லா இருக்கு. சந்தோஷம்.”

இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இவர் சாப்பிடக் கூப்பிட்டார்.